கற்றை ஒதுங்கிய பக்கம்

குழாய் கோணல் என்று டெலிபோனில் சொன்னார்கள். எனக்கு உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது.

உக்கடத்தில் இருபது வருஷமாக லேத் பட்டறை நடத்துகிறவன் நான். கரீம் பாய் பட்டறை என்றால் கணபதி ஏரியா பம்ப்செட்காரர்கள் வரைக்கும் தெரியும். என் கையை விட்டுப் போன சாமானைக் கோணல் என்று எவனும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இப்போது சொல்வது யார்? சரவணம்பட்டி தாண்டி இருக்கிற ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில், பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தில், நாலு வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற ராமாமணி. போன வருஷம் அதே குழாயைத் தடவிப் பார்த்து, "கண்ணாடியாட்ட இருக்குதுங்க பாய்" என்று வாய் நிறையச் சொன்ன அதே பிள்ளை!

"வாரேன் அம்மணி. வந்து அளந்து காட்டறேன். கோணலா இருந்தா பட்டறையை இழுத்து மூடிப்போடறேன்" என்று சொல்லி ரிசீவரை வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

பட்டறையின் பின்கட்டில் என் மனைவி சாஜிதா பேகம் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். பம்ப்செட் கம்பெனிகளுக்கு அவள் சுற்றிக் கொடுக்கிற காயில் எரிந்துபோனதாகச் சரித்திரம் கிடையாது. தலையை நிமிர்த்தாமலே, "ஏனுங்க, போனை ஒடைச்சுப்போடாதீங்க. ரெண்டு வருஷம் காத்திருந்து வாங்கின கனெக்‌ஷன்" என்றாள். டயல் கேஜ், நூல், ரசமட்டம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு எம்.எய்ட்டியை உதைத்தேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், ஆடி மாதம், திங்கட்கிழமை. எதிர்க்காற்று வண்டியைப் பின்னால் தள்ளியது. அதன்மேலும் கோபம் வந்தது.

அந்த மெஷினைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மூலையில் ஆளுயரத்துக்குக் கெப்பாசிட்டர்களை அடுக்கியிருப்பார்கள். எல்லாவற்றிலும் மின்சாரத்தை நிரப்பி, ஒரே நொடியில் வரிசையாகக் கோத்துவிட்டால் மூன்று லட்சம் வோல்ட் 'டப்' என்று பாயும். அந்த அடியில் எலக்ட்ரான்கள் ஒரு கற்றையாகக் கிளம்பி, நான் செய்த குழாய்க்குள் நுழையும். கண் சிமிட்டுகிற நேரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதற்குள் முடிந்துபோகும். குழாய் ஒரு மீட்டர் நீளம். அந்தக் கோடியில் ஒரு சின்னக் கிண்ணம். கற்றை போய் அந்தக் கிண்ணத்தில் விழ வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

அவ்வளவுதானா என்று நினைத்துவிடாதீர்கள். எலக்ட்ரான்கள் ஒன்றை ஒன்று தள்ளுகிற ரகம். சும்மா விட்டால் சிதறிப்போகும். குழாய்க்குள் கொஞ்சூண்டு காற்றை விட்டுவைத்தால், கற்றை அந்தக் காற்றை உடைத்துத் தனக்குத் தானே ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு அதற்குள் ஒழுங்காக ஓடும். காற்று அளவுக்கு மேல் போனால், தோட்டத்தில் கையை விட்ட தண்ணீர் ஓஸ் எப்படித் துள்ளும், அப்படித் துள்ளிச் சுவரில் மோதும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம். எது கொஞ்சம், எது அதிகம், எங்கே நிதானம் தப்புகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ராமாமணியின் ஆராய்ச்சி. பவானிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எனக்கு இதையெல்லாம் வாய்க்கால், ஓஸ் என்று சொல்லிப் புரியவைத்ததே அவள்தான்.

கூடத்துக்குள் நுழைந்தபோது அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் லட்சுமிநாராயணன். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர்.

"கோபிச்சுக்காதீங்க பாய். ஆறு மாசமா ஒரு ஷாட் கூடக் கிண்ணத்துல விழுகலைங்க. எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். குழாய் ஒண்ணுதான் பாக்கி" என்றாள் ராமாமணி.

"வெள்ளிக்கிழமை மெஷினுக்குப் பணம் குடுத்த பம்பாய் ஆபீஸிலிருந்து ஆய்வுக்குழு வருது" என்றார் பேராசிரியர். "அன்னைக்கும் விழலைன்னா மெஷினைக் கழட்டி லாரியில ஏத்திப் பம்பாய்க்கே கொண்டுபோயிருவாங்க. லெட்டர் டைப் பண்ணித் தயாரா இருக்குன்னு கேள்வி. மெஷின் போனா இந்தப் பொண்ணோட நாலு வருஷமும் போச்சு."

ராமாமணி எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி கைக்கு வந்தது. நூலைக் கட்டினேன், டயல் கேஜை உருட்டினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் முள் அசைந்தால்தானே!

"வந்து பாருங்க சார்! ஒரு முடியில பாதி கூட இல்ல. இதுவா கோணல்?"

"இல்லைங்க பாய், குழாய் நேர்தான்" என்று ராமாமணி ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட முகத்தில் துளி சந்தோஷம் இல்லை. "அப்போ கற்றைதான் துள்ளுதுங்க. காத்து இவ்வளவு கம்மியா இருக்கறப்பவே துள்ளுதுன்னா என் கணக்கே தப்புங்க" என்றாள். ஒரு தடிமனான நோட்டை என்முன் போட்டாள்.

கிண்ணத்துக்கு முன்னால், சூடு பட்டால் கருக்கிற ஃபேக்ஸ் காகிதத்தை வட்டமாக வெட்டி வைப்பார்கள். கற்றை பட்ட இடம் கருத்துப்போகும். அப்படி நூற்றுக்கு மேல் வட்டங்களை அந்தப் பிள்ளை நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். ஒன்றில் கறுப்பு மேலே, ஒன்றில் கீழே, ஒன்றில் இடது, ஒன்றில் வலது. பார்த்தால் நிஜமாகவே ஓஸ் துள்ளின மாதிரிதான் இருந்தது.

ஆனால் என் கண் லேத்காரன் கண். எதைப் பார்த்தாலும் நடுப்புள்ளியைத்தான் முதலில் தேடும். சட்டைப் பையிலிருந்த காம்பஸை எடுத்து ஒரு வட்டத்தில் நடுவிலிருந்து கறுப்புக்கு அளந்தேன். மூன்று சென்டிமீட்டர். அடுத்தது. மூன்று. அதற்கு அடுத்தது. மூன்று! பத்து, இருபது, முப்பது வட்டம் அளந்தேன்.

"அம்மணி, கையை விட்ட ஓஸ் ஒரு தடவை கிட்டக்க அடிக்கும், ஒரு தடவை எட்டக்க அடிக்கும். இதென்ன, அளந்து வெச்சாப்பல அத்தனையும் மூணு சென்டிமீட்டர்? சரி, இதுல மேல் எது, கீழ் எது?"

அவள் விழித்தாள். "வட்டம்தானுங்களே..."

"வட்டம்னா? குழாய்க்குள்ள இருக்கறப்ப எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு பொட்டு வெக்கலையா?"

"இல்லைங்க. கைக்கு வந்தபடி ஒட்டிட்டேன்."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! எங்கள் பட்டறையில் எந்த மெஷினைப் பிரித்தாலும், பிரிப்பதற்கு முன்னால் சேர்கிற இரண்டு பாகத்திலும் பஞ்ச் வைத்து ஆளுக்கொரு பொட்டு அடித்துவிடுவோம். எது எதோடு எந்தப் பக்கம் சேர்ந்திருந்தது என்று தெரியாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டோம். "இத்தனை படிச்சு என்ன அம்மணி? ஒரு பொட்டு! ஒரே ஒரு பொட்டு வெச்சிருந்தா ஆறு மாசம் மிச்சமாயிருக்குமே!" என்று கத்திவிட்டேன். பேராசிரியர் பாவம், தான் திட்டு வாங்கியது போலத் தலை குனிந்தார்.

ராமாமணி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. பென்சிலை எடுத்தாள், ஒரு காகிதத்தின் உச்சியில் 'மேல்' என்று எழுதினாள், ஓடினாள். ஒரு ஷாட்டுக்குக் கால் மணி நேரம். கோடியில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து காகிதம் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, ஈயச் சுவருக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேரும் ஒண்டிக்கொண்டு, டப்! முதல் காகிதம். கறுப்பு இடது பக்கம். இரண்டாவது, இடது பக்கம். மூன்றாவதை எடுக்கும்போது ராமாமணி கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் பார்த்தேன். இடது பக்கம்! நாலு, இடது. ஐந்து, இடது. ஐந்தையும் அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஐந்து கறுப்பும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"துள்ளலைங்க சார்! துள்ளவே இல்லை! என்னமோ ஒண்ணு புடிச்சு இழுக்குது!" என்று அவள் குதித்த குதியில் ஸ்டூல் உருண்டது. பேராசிரியர் கைதட்டினார். நான் விசில் அடித்தேன். ஆராய்ச்சிக்கூடத்தில் விசில் அடிக்கலாமா கூடாதா என்றெல்லாம் யார் யோசித்தது?

எலக்ட்ரான் கற்றையை ஒரே பக்கம் இழுப்பது என்றால் காந்தம்தான் என்றாள் ராமாமணி. பூமியின் காந்தம் இல்லை. அது நம் ஊரில் தரைக்குச் சமமாக வடக்கே பார்த்து ஓடுவதால், குழாயை முதலிலேயே தெற்கு வடக்காக வைத்துவிட்டாளாம். வாஸ்து பார்க்கிறாள் என்று கல்லூரியே கேலி செய்ததாம். திசைகாட்டி ஒன்றைக் கொண்டுவந்து குழாய் நெடுக நகர்த்தினாள். முள் வடக்கையே பார்த்துக்கொண்டு வந்தது. குழாயின் வாய்ப்பக்கம், கற்றை நுழைகிற இடத்தில், நடுவில் ஓட்டை போட்ட கனமான தட்டு ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் போனதும் முள் சடக்கென்று திரும்பியது.

"தட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாச்சே. அது காந்தத்துக்கு மசியாது. போல்ட்டா இருக்குமோ?" என்றார் பேராசிரியர். "போல்ட்டுதானுங்க சார், நாளைக்கே பித்தளை போல்ட்டு மாத்திப்போடலாம்" என்றாள் ராமாமணி.

அந்தத் தட்டையும் செய்து கொடுத்தது நான்தான்.

போல்ட் இல்லை. எனக்குத் தெரியும், உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். டிராயிங்கில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றுதான் போட்டிருந்தது. லேத்தில் கடைந்தால் போதும் என்றும் போட்டிருந்தது. போதும் என்றால் எங்கள் ஊர்ப் பட்டறைக்காரனுக்கு ஆகுமா? கேட்டதற்கு மேல் ஒரு படி செய்து கொடுத்தால்தான் தூக்கம் வரும். காற்றுக் கசியவே கூடாது, முகம் பார்க்கிற மாதிரி கிரைண்டிங் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கிரைண்டிங் மெஷினில் சாமானைப் பிடித்துக்கொள்வது காந்த மேசை. ஸ்டெயின்லெஸ் அதில் ஒட்டாது. அதனால் உசத்தியான அச்சு ஸ்டீலில் தட்டைச் செய்து, காந்த மேசையில் வைத்து, மணிக்கணக்காகத் தேய்த்து, நிக்கல் பூச்சும் பூசிக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெருமை அடிக்கிற மாதிரி ஆகும் என்று நினைத்தேன். அந்தக் காந்த மேசையின் இழுப்பைத் தட்டு அப்படியே தனக்குள் வாங்கி வைத்திருந்திருக்கிறது.

"நான் வாரேன் அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். பொட்டு வைக்கவில்லை என்று ஊர் கேட்கக் கத்தியவன் நான்!

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சாஜிதா பேகம் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "குழாய் கோணலா?" என்றாள். "குழாய் நேரு. நான்தான் கோணல்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். பித்தளை போல்ட் மாற்றுவார்கள், அப்போதும் கற்றை ஒதுங்கும், வெள்ளிக்கிழமை வரும், லாரி வரும். என் பேர் மட்டும் அப்படியே இருக்கும்.

"உங்க பேரை வெச்சு நான் என்னங்க பண்ணறது, ஊறுகாயா போடறது?" என்றாள் அவள். "அந்தப் புள்ளைக்கு நாலு நாளுதான் இருக்குது. எந்திரிங்க. புதுத் தட்டு செய்ய எத்தனை நாளாகும்?"

"பிளேட்டு தேடி, கடைஞ்சு, வெல்டு வெச்சு... பத்து நாள்."

"அப்போ இருக்கற தட்டுல காந்தத்தை எறக்கணும். அவ்வளவுதானே? பதினஞ்சு எச்.பி. மோட்டாரோட வெளிக்கூடு, அந்த ஸ்டேட்டர் ஒண்ணு காயில் போட்டு வெச்சிருக்கறேன். கரண்டு போற காயிலுக்குள்ள தட்டை வெச்சு, கரண்டைக் கொஞ்சங் கொஞ்சமா கொறைச்சா காந்தம் செத்துப்போகாதா? டி.வி. மெக்கானிக்கு கலர் டி.வி.க்கு வளையத்தை வெச்சுச் சுத்தறானே, அதேதான்."

நான் வாயைப் பிளந்தேன். இருபது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, இவளுக்கு என்ன தெரியும் என்று ஒருநாளும் கேட்டதில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஆட்டோவில் ஸ்டேட்டர் ஒரு பக்கம், சாஜிதா பேகம் நடுவில், நான் ஓரத்தில் பாதி தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். ராமாமணி பித்தளை போல்ட்டோடு நின்றாள். "வெச்சுடு அம்மணி. தப்பு போல்ட்டுல இல்ல. நான் உன்னைக் கேக்காம உசத்திக் குடுத்த தட்டுல" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவள் முகம் சிவந்தது. "ஆறு மாசம் பாய்!" என்றாள். "ஆறு மாசமா என் கணக்குத்தான் தப்புன்னு தெனமும் அழுதுட்டுத் தூங்கியிருக்கேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?" அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. என்னை மிஞ்சிவிட்டாள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதானே?

"திட்டறதை வெள்ளிக்கிழமைக்கு மேல வெச்சுக்கலாம் கண்ணு. நானும் கூட வந்து திட்டறேன். இப்போ தட்டைக் கழட்டு" என்றாள் சாஜிதா பேகம்.

தட்டைக் கழற்றினோம். கழற்றுவதற்கு முன்னால் ராமாமணியே பஞ்ச் கேட்டு வாங்கிப் பொட்டு அடித்தாள். மூன்று ஃபேஸும் கொடுத்தால் தட்டு உள்ளேயே சுழன்று கையை முறித்துவிடும் என்று சாஜிதா பேகம் காயிலின் இரண்டு முனையை மட்டும் இணைத்தாள். கூடத்தில் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் இருந்தது. தட்டை உள்ளே வைத்துக் கரண்டைக் கூட்டினோம். 'ங்ங்ங்' என்று தட்டு அதிர்ந்தது. பேராசிரியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழை அரிசி அரிசியாகக் குறைத்தார். திசைகாட்டியை ராமாமணி கிட்டே கொண்டுபோனாள். முள் லேசாகத் திரும்பியது. "இன்னொருக்கா" என்றாள் சாஜிதா பேகம். இரண்டாம் தடவை பாதி. மூன்றாம் தடவை முள் தட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை.

யா அல்லாஹ், அப்போது நாங்கள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது.

கோடியில் இருக்கிற சின்ன மூடிக்குத் தனி அடைப்பு உண்டு, கால் மணியில் முடியும்; குழாய் வாயைத் திறந்துவிட்டாலோ மறுபடி காற்றை வெளியேற்ற இரண்டு நாள். அதனால் ஒத்திகை கிடையாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வுக்குழு எதிரிலேயேதான் முதல் ஷாட். மூன்று பேர் வந்தார்கள். தலைவர் பம்பாயில் பல வருஷம் இருந்த தமிழர். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். ஃபைலுக்குள்ளிருந்து அந்த டைப் அடித்த லெட்டர் எட்டிப் பார்த்தது. பேராசிரியரின் வேண்டுகோளில் நானும் சாஜிதா பேகமும் ஈயச் சுவருக்குப் பின்னால் ஓரமாக நின்றோம்.

டப்!

ராமாமணி மூடியைத் திறந்து காகிதத்தை எடுத்தாள். அதை எங்களுக்குக் காட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டிப் பறித்தேன். நடுவில்! காம்பஸ் முள்ளைக் குத்துகிற இடத்தில் கறுப்பு!

இரண்டாவதும் நடுவில். தலைவர் தலையாட்டினார், ஃபைலைத் திறந்தார். "இருங்க சார்" என்றாள் ராமாமணி. குரலே மாறியிருந்தது. "இனிமேத்தான் சார் என் ஆராய்ச்சி." ஊசி வால்வைத் திருகிக் காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டாள். டப். கறுப்பு வலது பக்கம், தூரத்தில். டப். கீழே, கிட்டத்தில். டப். இடது மேல் மூலையில். ஒன்றுபோல் ஒன்று இல்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாலு வருஷமாகத் தேடின நிஜமான துள்ளல் அதுதான். காற்றைக் குறைத்தாள். டப். நடுவில்.

"விழச் சொன்னா விழுது, துள்ளச் சொன்னா துள்ளுது!" என்றார் தலைவர், தன்னை மறந்து. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். "அப்போ போன ஆறு மாசம் ஏன் ஒண்ணுகூட விழலை?"

"என் தப்புங்க சார். காகிதத்துல மேல் கீழ் குறிக்கலை" என்றாள் ராமாமணி.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய் சார்! தப்பு என்னுது. தட்டு நான் செஞ்சது!"

"பாய், நீங்க சும்மா இருங்க. குறிச்சிருந்தா மொத வாரமே கண்டுபுடிச்சிருப்பேன்."

"நான் ஒழுங்கா செஞ்சிருந்தா நீ கண்டுபுடிக்க வேண்டியதே இல்லையே அம்மணி! சார், எழுதிக்கோங்க, உக்கடம் கரீம்!"

"எழுதாதீங்க சார்!"

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அவர் சட்டைக் கையைப் பிடிக்காத குறைதான். தலைவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இருபது வருஷமா இந்த மாதிரி ஆய்வுக்குப் போறேன். தப்பை அடுத்தவன் தலையில தள்ளிவிடறதைத்தான் பாத்திருக்கேன். தப்பு எனக்குத்தான்னு சண்டை போட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். ஃபைலிலிருந்து அந்த லெட்டரை உருவி, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். "இந்த மெஷின் எங்கேயும் போகாதும்மா. வேலையைப் பாரு."

அதுவரை நிமிர்ந்து நின்ற ராமாமணி அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சாஜிதா பேகம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் அழவில்லை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, அதனால் அதை விட்டுவிடலாம்.

கொஞ்ச நேரம் கழித்து தலைவர் தொண்டையைச் செருமினார். "இன்னொரு ஷாட் போட முடியுமா? ரிப்போர்ட்டுக்கு இல்ல. சும்மா. பொத்தானை நான் அழுத்தட்டுமா?" என்றார், சின்னப் பையன் கேட்கிற மாதிரி.

ராமாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புதுக் காகிதம் வைத்தாள். காற்றை எடுத்தாள். ஏழு பேரும் ஈயச் சுவருக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றோம். "மூணு" என்றாள் ராமாமணி. "ரெண்டு" என்றோம் எல்லோரும். "ஒண்ணு" என்று பேராசிரியர் லட்சுமிநாராயணன் தொண்டை கிழியக் கத்தினார்.